ஆளுக்கு ஒரு கல்: கும்பல் தாக்குதலைத் தடுக்கும் சமூக வலைத்தள வசதிகள் பற்றி ஒரு மதிப்புரை

நடிகர், விளையாட்டு வீரர், எழுத்தாளர், அரசியல்வாதி என்று பலரும் அறிந்த முகமாக இருக்கும் ஒருவர்மீது இணையத்தில் கும்பல் திரளும்போது பயன்படுத்துவதற்கென்று, இன்ஸ்டாகிராம், எக்ஸ், யூடியூப், புளூஸ்கை போன்ற தளங்கள் கடந்த பத்தாண்டுகளில் பல வசதிகளைச் சேர்த்திருக்கின்றன. இப்படிப்பட்டவர்களின் கணக்குகளைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருப்பதால் அவற்றில் பெரும்பாலானவற்றைக் கையாண்டிருக்கிறேன். எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதைத் தளங்களின் உதவிப் பக்கங்கள் தெளிவாகச் சொல்கின்றன. எது எப்போது உதவும், எது வெறும் ஆறுதல் என்பதை மட்டும் சொல்வதில்லை. ஆகவே இந்த மதிப்புரைக்கு ஒரே ஓர் அளவுகோலை எடுத்துக்கொள்கிறேன். கும்பலில் சேருகிறவர் மனத்தில் என்ன நினைத்துக்கொண்டு சேருகிறார் என்பதை, அந்த வசதியை வடிவமைத்தவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்களா?

கும்பலில் சேருகிறவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு டென்னிஸ் உலகிலிருந்து ஒரு புள்ளிவிவரம் கிடைக்கிறது. மகளிர் டென்னிஸ் சங்கமான டபிள்யூடிஏவும் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பும் 2024 ஜனவரி முதல் ‘த்ரெட் மேட்ரிக்ஸ்’ என்ற கண்காணிப்புச் சேவையைப் பயன்படுத்துகின்றன. அந்த ஓராண்டில் சுமார் 16 லட்சம் பதிவுகளையும் கருத்துகளையும் ஆராய்ந்ததில், 458 ஆட்டக்காரர்களைக் குறிவைத்த ஏறத்தாழ 8,000 பதிவுகள் வசவு அல்லது மிரட்டல் என்று உறுதிசெய்யப்பட்டன. அவற்றை எழுதியவை 4,200 கணக்குகள். வகுத்துப் பார்த்தால் ஒரு கணக்குக்குச் சராசரியாக இரண்டு பதிவுகூடத் தேறவில்லை. ஒரே ஆளை இரவு பகலாகத் துரத்துகிறவர்களும் இருக்கிறார்கள்தான். ஆனால் பெரும்பாலோர் வருகிறார்கள், ஆளுக்கு ஒரு கல்லை எறிகிறார்கள், தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். எறிந்தவருக்குத் தன் கையில் இருந்த ஒரு கல் மட்டுமே நினைவிருக்கும்.

தான் எறிந்தது ஒரே ஒரு கல்தான் என்ற இந்த நினைப்பு முழுக்கப் பொய்யும் அல்ல என்பதுதான் சிக்கல். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களான சவோக்காவும் மோனினும் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: தவறாகப் பேசிய ஒருவரைத் தனி ஒருவர் கண்டிக்கும்போது அதை நியாயம் என்று பாராட்டுகிற அதே மக்கள், அதே கண்டனம் ஏராளமானவர்களிடமிருந்து சேர்ந்து வரும்போது அதைக் கொடுமை என்று கருதுகிறார்கள், கண்டிக்கப்பட்டவர்மீது இரக்கம் கொள்கிறார்கள். ஒவ்வொரு கருத்தையும் தனியே பிரித்து எடுத்தால் தண்டிக்கத் தக்கதாக எதுவும் இருக்காது. அதோடு, தவறு செய்தவரைத் தண்டிப்பதில் ஓர் இன்பமும் இருக்கிறது. 2004இல் சூரிச்சில் நடந்த ஆய்வு ஒன்றில், விளையாட்டில் ஏமாற்றியவருக்குத் தண்டனை கொடுத்தவர்களின் மூளையில், வெகுமதி கிடைக்கும்போது இயங்கும் பகுதியே இயங்கியது. தண்டிப்பதற்குத் தங்கள் கைப்பணத்தைச் செலவிட வேண்டியிருந்தபோதும் அவர்கள் தண்டித்தார்கள். இணையத்தில் அந்தச் செலவும் இல்லை. ஆகவே கும்பலில் இருப்பவர் தன்னைக் கெட்டவராக அல்ல, ஏதோ ஒரு நியாயத்துக்காகக் குரல் கொடுத்தவராகவே கருதிக்கொள்கிறார். இதை மறந்து செய்யப்பட்ட வசதிகள் எல்லாமே தோற்கின்றன.

தோற்பவற்றில் முதலாவது, எல்லோரும் முதலில் நம்புகிற சொல் வடிகட்டிதான். இதன் வரலாறே ஒரு பாடம். 2016 ஜூலையில் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டின் இன்ஸ்டாகிராம் பக்கம் முழுவதும் பாம்பு எமோஜிகளால் நிரம்பியது. பாம்புப் படம் எந்த மொழியிலும் கெட்ட வார்த்தை இல்லை. ஒருவர் போட்டால் அது வெறும் கிண்டல். ஆயிரக்கணக்கானவர்கள் போட்டபோது அது ‘நீ வஞ்சகி’ என்ற ஒரே கூச்சலாகிவிட்டது. இன்ஸ்டாகிராம் அப்போது அவருடைய கணக்கில் சோதித்துப் பார்த்த வடிகட்டிதான், அதே ஆண்டு செப்டம்பரில் எல்லாப் பயனர்களுக்கும் திறந்துவிடப்பட்டது. நாம் தரும் சொற்களோ எமோஜிகளோ இருக்கும் கருத்துகளை அது மறைத்துவிடும். கும்பல் முழுவதும் ஒரே அடையாளத்தைத் தூக்கிக்கொண்டு வரும்போது இந்த வடிகட்டி மிகச் சிறப்பாக வேலை செய்கிறது என்பதை மறுக்க மாட்டேன். பாம்பு என்றால் பாம்பைத் தடுத்தால் போதும்.

ஆனால் கும்பல் எப்போதும் இவ்வளவு வசதியாக வருவதில்லை. நான் கையாண்ட ஒரு தளத்தின் வடிகட்டியில் ‘துரோகி’ என்ற சொல்லைச் சேர்த்துவைத்தேன். ‘துரோகி’ நின்றது. ‘துரோகிக்கு’, ‘துரோகியெல்லாம்’, ‘துரோகிதானே’ ஆகியவை கடந்து வந்தன. உருபும் இடைச்சொல்லும் ஒட்டி ஒட்டி நீளும் மொழியில் ஒரு சொல்லைத் தடுக்க வேண்டுமானால் அதன் குடும்பத்தையே எழுதிவைக்க வேண்டும். அதே சொல்லை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்கிறவர்கள் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல் வைத்திருக்கிறார்கள். நடுவில் ஒரு புள்ளியோ நட்சத்திரக் குறியோ வைப்பவர்கள் இன்னொரு வகை. இவற்றையெல்லாம் எழுதி முடித்து நிமிர்ந்தால், வடிகட்டிக்கு எட்டவே எட்டாத வகை ஒன்று காத்திருக்கிறது: “அருமை, தொடருங்கள்”, “உங்களைப் பெற்றவர்கள் பெருமைப்படுவார்கள்”, இரண்டு கைதட்டல் எமோஜிகள். வஞ்சப் புகழ்ச்சி நம் மொழிக்குப் புதிதல்ல. அதை வடிகட்டும் மென்பொருள்தான் இன்னும் வரவில்லை. வசவு என்பது சொல்லில் இருக்கிறது என்ற எண்ணத்தில் எழுந்த வசதி இது. கும்பலின் வசவு எண்ணிக்கையில் இருக்கிறது.

இதை உணர்ந்து செய்யப்பட்டதாக எனக்குத் தோன்றும் வசதிகளில் முதன்மையானது, இன்ஸ்டாகிராம் 2021 ஆகஸ்டில் அறிமுகப்படுத்திய ‘லிமிட்ஸ்’. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூலை 11 அன்று, யூரோ கோப்பைக் கால்பந்து இறுதிப்போட்டியில் பெனால்டி வாய்ப்பைத் தவறவிட்ட இங்கிலாந்து வீரர்கள் ராஷ்ஃபோர்டு, சாஞ்சோ, சாக்கா ஆகிய மூவர்மீதும் இனவெறி வசவுகள் கொட்டின. எத்தகைய வெறுப்பு தன்னை நோக்கி வரப்போகிறது என்பது அந்த நொடியே தனக்குத் தெரிந்துவிட்டதாகப் பின்னர் சாக்கா எழுதினார். அதைத் தடுக்கத் தளங்கள் போதிய அளவு எதுவும் செய்யவில்லை என்றும் குறிப்பிட்டார். லிமிட்ஸை அறிமுகப்படுத்தியபோது இன்ஸ்டாகிராம் சொன்ன காரணம் கவனிக்கத் தக்கது: பிரபலங்கள்மீது வரும் வெறுப்பில் பெரும்பகுதி, அவர்களைப் பின்தொடராதவர்களிடமிருந்தும், அண்மையில்தான் பின்தொடரத் தொடங்கியவர்களிடமிருந்தும், அந்த நேரத்து வேகத்தில் வந்து சேர்கிறது. அதாவது, இந்த வசதி என்ன எழுதினார் என்று பார்க்கவில்லை. எப்போது வந்தார் என்று பார்க்கிறது.

கையாளுவதும் எளிது. அமைப்புகளில் சென்று, பின்தொடராதவர்கள், புதிதாக வந்தவர்கள் போன்ற பிரிவினரில் யாரை நிறுத்திவைக்க வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுத்து, எத்தனை நாளுக்கு என்பதையும் குறித்துவிடலாம். அவர்களுடைய கருத்துகளும் தனிச்செய்திகளும் மறைந்தே இருக்கும். நாம் ஒப்புதல் அளித்தால் மட்டும் வெளியே தெரியும். ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து வரும் ஒருவர் “இந்த முறை நீங்கள் பேசியது சரியில்லை” என்று எழுதினால் அது வழக்கம்போல் தெரியும். விமர்சனத்தையும் கும்பலையும் இவ்வளவு குறைந்த முயற்சியில் பிரித்துத் தருகிற வேறொரு வசதியை நான் பார்க்கவில்லை. பின்தொடர்ந்துகொண்டே வெறுக்கிறவர்கள் இதில் தப்பிவிடுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் பழைய முகங்கள், கணக்கைக் கவனிப்பவருக்குப் பெயர் பெயராகத் தெரிந்தவர்கள். அவர்களுக்கு 2019இல் வந்த ‘ரெஸ்ட்ரிக்ட்’ போதும். அதைப் போட்டால் அவர் எழுதுவது அவருக்கு மட்டும் தெரியும், தான் நிறுத்திவைக்கப்பட்டது தெரியாது. பிளாக் செய்யப்பட்டதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பெருமையாகப் பகிரும் பழக்கம் இருக்கும் உலகில் இந்த மௌனம் மிகவும் மதிப்புள்ளது.

பிளாக் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. தனி ஆளுக்கு எதிராக அது சரியான கருவி. ஆயிரம் பேருக்கு எதிராக அல்ல. எக்ஸ் தளம் 2024 நவம்பரில் செய்த மாற்றத்துக்குப் பிறகு, பிளாக் செய்யப்பட்டவரும் நம் பொதுப் பதிவுகளைப் பார்க்க முடியும் என்பதால், அங்கே அதன் பயன் இன்னும் குறைந்துவிட்டது.

எக்ஸ் தளத்தைத் தனியாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் கும்பல் அங்கே கருத்துப் பகுதியில் திரள்வதில்லை. பதிவை மேற்கோளாக எடுத்துத் தன் வாசகர்களுக்கு முன்னால் வைத்து வறுத்தெடுக்கும் வசதிதான் அங்கே முதன்மையான ஆயுதம். அந்தத் தளம் ட்விட்டர் என்ற பெயரில் இருந்த 2009இல், பிறர் பதிவை அப்படியே பகிரும் ரீட்வீட் பொத்தானை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய கிறிஸ் வெதரெல், பத்தாண்டு கழித்து ஒரு நேர்காணலில், நான்கு வயதுக் குழந்தையின் கையில் குண்டு நிரப்பிய துப்பாக்கியைக் கொடுத்துவிட்டோமோ என்று வருந்தினார். 2014இல் ‘கேமர்கேட்’ என்ற பெயரில் வீடியோ கேம் துறையைச் சேர்ந்த பெண்கள்மீது நடந்த தொடர் தாக்குதல்களைப் பார்த்தபோதுதான் அந்தப் பொத்தானின் மறுபக்கம் அவருக்குப் புரிந்தது. அடுத்த ஆண்டு அதே தளம், பிறர் பதிவோடு நம் கருத்தைச் சேர்த்துப் பகிரும் மேற்கோள் வசதியையும் கொண்டுவந்தது.

மேற்கோளில் நடக்கும் மனவியல் மாற்றம் நுட்பமானது. கருத்துப் பகுதியில் எழுதுகிறவர், வசையாகவே இருந்தாலும், எதிரே இருப்பவரிடம் பேசுகிறார். மேற்கோள் காட்டுகிறவர் முதுகைத் திருப்பிக்கொண்டு தன் கூட்டத்திடம் பேசுகிறார். குறிவைக்கப்பட்டவர் அங்கே கேட்பவர் அல்ல, வெறும் பொருள். கூட்டத்தில் மனிதன் அறிவிழந்து மிருகமாகிவிடுகிறான் என்ற பழைய கருத்து 1895இல் குஸ்தாவ் லெ போன் பரப்பியது. 1995இல் ரைக்கர், ஸ்பியர்ஸ், போஸ்ட்மெஸ் ஆகிய மூவரும் அதை மறுத்து வேறொரு விளக்கம் தந்தார்கள்: கூட்டத்தில் ஒருவர் தன்னை இழப்பதில்லை, தனி ஆள் என்ற அடையாளத்திலிருந்து குழுவின் உறுப்பினர் என்ற அடையாளத்துக்கு மாறுகிறார், குழு எதை மதிக்கிறதோ அதை முன்பைவிடத் தீவிரமாகச் செய்கிறார். ஒரு மேற்கோள் பதிவின் கீழே விழும் பாராட்டுகளைப் பார்த்தவர்களுக்கு இரண்டாவது விளக்கமே பொருந்துவதாகத் தோன்றும். ஒருவர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாக எழுதுகிறார், லைக் குவிகிறது. அடுத்தவர் அதைவிடக் காரமாக எழுதுகிறார். யேல் பல்கலைக்கழகக் குழு ஒன்று 7,331 பயனர்களின் 1.27 கோடி ட்வீட்டுகளை ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட முடிவும் இதுவே. சீற்றத்தைக் காட்டிய பதிவுக்கு லைக்கும் பகிர்வும் கிடைத்தால், அதை எழுதியவர் அடுத்தடுத்து மேலும் சீற்றத்தோடு எழுதப் பழகுகிறார். அரசியலில் மிதமான நட்பு வட்டம் உள்ளவர்களே இந்தப் பழக்கத்துக்கு அதிகம் ஆளாகிறார்கள் என்பது அந்த ஆய்வில் என்னைத் திடுக்கிட வைத்த செய்தி.

இதற்கு எதிராக எக்ஸ் நம் கையில் தருவது என்ன? பதில்களை மறைக்கலாம், யார் பதில் எழுதலாம் என்று வரையறுக்கலாம். இரண்டும் வாசலைச் சாத்துகின்றன, ஆனால் கூட்டம் தெருவில் நிற்கிறது. பதில் எழுத முடியாதவர்கள் மேற்கோளுக்குத் தாவுகிறார்கள் என்பதால், தாக்குதல் தொடங்கிய பிறகு பதில்களை அடைப்பது நிலைமையை மோசமாக்குவதையே அதிகம் பார்த்திருக்கிறேன். இந்த விஷயத்தில் புளூஸ்கை ஒரு படி முன்னே நிற்கிறது. 2024 ஆகஸ்டு முதல் அங்கே, நம் பதிவை ஒருவர் மேற்கோள் காட்டினால் அதிலிருந்து நம் பதிவைக் கழற்றிவிடலாம். மேற்கோளையே முன்கூட்டித் தடைசெய்யவும் செய்யலாம். கழற்றிய இடத்தில் வெற்றுப் பெட்டிதான் நிற்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட யாராலும் முடியும். ஆனால் ஸ்கிரீன்ஷாட்டைத் தட்டினால் நம் பக்கம் திறக்காது, வந்து சேர நினைக்கும் சோம்பேறிக்கு அந்த ஒரு தடையே போதுமானதாக இருக்கிறது. கும்பலில் பாதிப்பேர் சோம்பேறிகள் என்பது என் அனுபவம்.

எண்ணிக்கையை மறைப்பதும் இதே வகையைச் சேர்ந்தது. யூடியூப் 2021 நவம்பரில் டிஸ்லைக் எண்ணிக்கையைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்தது. பொத்தான் இருக்கிறது, எண் தெரிவதில்லை. காணொளி வெளியிட்டவர் மட்டும் தன் ஸ்டூடியோ பக்கத்தில் பார்க்கலாம். எண் தெரியாதபோது அதை ஏற்றிவிடுவதற்காகவே திரண்டு வருவது குறைந்தது என்று முன்னதாக நடத்திய சோதனையை யூடியூப் காரணமாகக் காட்டியது. பயன்படாத செய்முறைக் காணொளிகளை அடையாளம் காண அந்த எண் உதவியது, அது போய்விட்டது என்று பலர் குறைப்பட்டார்கள். அந்தக் குறை நியாயமானது. என்றாலும், ஒருவரை வைத்துச் செய்வதற்குத் திரளும் கூட்டத்துக்கு ஏறிக்கொண்டே போகும் எண்தான் உற்சாகம் தருகிறது என்பதைப் புரிந்துகொண்டு எடுத்த முடிவு என்ற வகையில், நான் யூடியூபின் பக்கமே நிற்பேன்.

எறியப்போகிறவரின் கையைப் பிடிக்கும் வசதிகள் நம் அமைப்புகள் பக்கத்தில் கிடையாது. தளம் மனம் வைத்தால்தான் உண்டு. ட்விட்டர், கடுமையான பதில் எழுதுபவரிடம் அதை அனுப்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டபோது, 34 சதவீதம் பேர் திருத்தினார்கள் அல்லது அனுப்பாமல் விட்டார்கள் என்று 2021இல் அறிவித்தது. இன்ஸ்டாகிராம், இதேபோன்ற எச்சரிக்கையைக் கண்டவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் கருத்தை மாற்றினார்கள் அல்லது நீக்கினார்கள் என்றது. 2020 அக்டோபரில் அமெரிக்கத் தேர்தலையொட்டி ரீட்வீட் செய்ய முயல்பவர்களை முதலில் தம் சொந்தக் கருத்தை எழுதத் தூண்டிய ட்விட்டர், பகிர்வுகள் மொத்தமாக 20 சதவீதம் குறைந்ததைக் கண்டது. டிசம்பரில் பழைய முறைக்கே திரும்பியது. பகிர்வைக் குறைக்கும் வசதியை விரும்பி வைத்துக்கொள்ளும் தளம் அரிது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

ஒவ்வொரு பெரிய தாக்குதலுக்குப் பிறகும், உண்மைப் பெயரைக் கட்டாயமாக்கினால் எல்லாம் அடங்கிவிடும் என்று ஒரு கோரிக்கை எழும். இதை ஒரு வசதியாக மதிப்பிடச் சொன்னால் மிகக் குறைந்த மதிப்பெண்ணே தருவேன். அந்த யூரோ கோப்பைத் தாக்குதலுக்காக ட்விட்டர் நிரந்தரமாக முடக்கிய கணக்குகளில் 99 சதவீதம் அடையாளம் காணக் கூடியவை. ஜெர்மானிய மனுத் தளம் ஒன்றில் குவிந்த 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளை ஆராய்ந்து 2016இல் வெளிவந்த ஆய்வு, பெயரை மறைத்தவர்களைவிடச் சொந்தப் பெயரில் எழுதியவர்களே கடுமையாகத் தாக்கினார்கள் என்று கண்டது. தான் நியாயத்தின் பக்கம் நிற்பதாக நம்புகிறவர் ஏன் பெயரை மறைக்க வேண்டும்? பெயர் தெரிந்தால்தானே பாராட்டும் அவரைத் தேடி வரும்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். இந்த வசதிகளைக் கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் கும்பலுக்கு இரையானவர்கள் அல்லர். தான் வகிக்கும் பதவி தொடர்பாக மக்கள் கேட்கும் கேள்விகளை ‘கும்பல் தாக்குதல்’ என்று பெயரிட்டு மூடிவிட விரும்பும் அரசியல்வாதிகளும், வாடிக்கையாளர்களின் நியாயமான குறைகளை அதே பெயரில் மறைக்க விரும்பும் நிறுவனங்களும் உண்டு. பத்துப் பேர் பத்து விதமாகக் கேள்வி கேட்டால் அது விமர்சனம். ஆயிரம் பேர் ஒரே வரியை ஒட்டிக்கொண்டு, தொடர்பே இல்லாத பழைய குடும்பப் புகைப்படத்தின் கீழும் எழுதினால் அது கும்பல். லிமிட்ஸைப் போட்டுவிட்டு அதைக் கழற்றாமலே இருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஐயம் வருகிறது. இரண்டு மூன்று நாளில் கூட்டம் அடுத்த ஆளைத் தேடிப் போய்விடும்; அதற்கு மேல் நீடிக்கும் கேள்விகள் பெரும்பாலும் பதில் சொல்ல வேண்டிய கேள்விகளே.

செலவைப் பொறுத்தவரை, தளங்கள் தரும் வசதிகள் அனைத்தும் இலவசம். த்ரெட் மேட்ரிக்ஸ் போன்ற சேவைகளை அமைப்புகள்தான் ஏற்பாடு செய்கின்றன. டென்னிஸ் கண்காணிப்பில் சிக்கிய மிகவும் மோசமான 15 கணக்குகளின் விவரம் காவல் அமைப்புகளிடம் ஒப்படைக்கப்பட்டது அத்தகைய ஏற்பாடு இருந்ததால்தான். அந்த வசவுகளில் 40 சதவீதம், பந்தயத்தில் பணம் இழந்தவர்களிடமிருந்து வந்தது என்பதையும் அந்தக் கண்காணிப்பே வெளிக்கொண்டு வந்தது. பின்னால் எந்தச் சங்கமும் இல்லாத எழுத்தாளருக்கோ குறும்பட நடிகருக்கோ அது எட்டாது. அவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: முதல் ஒரு மணி நேரத்துக்குள் லிமிட்ஸைப் போடுங்கள், மேற்கோளைக் கழற்ற முடிகிற தளத்தில் கழற்றுங்கள், ரசிகர்களைப் பதிலடிக்கு ஏவாதீர்கள், ஏனென்றால் உங்கள் பக்கத்து ஆயிரம் பேரும் கும்பல்தான். பிறகு கைப்பேசியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். உயிருக்கோ உடலுக்கோ மிரட்டல் விடுக்கும் செய்திகளை மட்டும் அவர் தேதியோடும் கணக்குப் பெயரோடும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தனிக் கோப்பில் வைக்கட்டும். மற்றவற்றை நீங்கள் படிக்க வேண்டியதில்லை.